வெயிலில் பேனல் வோல்டேஜ் இறங்குவது ஏன்? ஆற்றல் பட்டை வழியாக யாராவது விளக்குங்கள்

மண்டலே மின்வேலை:
ஏப்ரல் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான். 100 வாட் பேனல், 36 செல். பின்பக்கச் சீட்டில் உச்சத்திறன் வோல்டேஜ் 18 என்று இருக்கிறது. காற்று 40 டிகிரி, பேனலின் முதுகு 70 டிகிரி இருக்கும் நேரத்தில் அளந்தால் 15கூடத் தேறுவதில்லை. 12 வோல்ட் பாட்டரி நிறையவே மாட்டேன் என்கிறது. கம்பி சூடாகித் தடை கூடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் குறைகடத்தி சூடானால் தடை குறையும் என்றுதானே பாடநூலில் இருக்கிறது? அப்படியானால் வோல்டேஜ் ஏற வேண்டுமே. எங்கே இடிக்கிறது?

பெகு வாத்தியார்:
தடையை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது தம்பி. செல்லின் வோல்டேஜ் தடையிலிருந்து வருவதில்லை.

சோலார் செல் என்பது வெளிச்சத்தில் வைத்த ஒரு டையோடு. வெளிச்சம் ஒரு பக்கமாக மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. செல்லுக்குள் இரண்டு வகைச் சிலிக்கான் சேரும் இடமான சந்தி அதை எதிர்ப்பக்கமாகக் கசிய விடுகிறது. இரண்டும் சமமாகும் இடம்தான் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது செல் காட்டும் வோல்டேஜ். கசிவு கூடினால் அந்தச் சமநிலை குறைந்த வோல்டேஜிலேயே வந்துவிடும். ஆகவே வெப்பத்தில் கசிவு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேள்வி.

எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்பைத்தான் பட்டை என்கிறோம். சிலிக்கானில் பிணைப்பு எலெக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டைக்கும், மேலே ஏறக்குறையக் காலியாக இருக்கும் கடத்தல் பட்டைக்கும் நடுவே 1.12 எலெக்ட்ரான்வோல்ட் (எலெக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) இடைவெளி. 27 டிகிரியில் வெப்ப ஆற்றல் வெறும் 0.026 எலெக்ட்ரான்வோல்ட். அவ்வளவு சிறிய ஆற்றலிலும் தற்செயலாகப் பெரிய உதை வாங்கும் எலெக்ட்ரான்கள் சில உண்டு. தூய சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁰ எலெக்ட்ரான்கள் மேலே இருக்கும், கீழே அதே அளவு துளைகள், அதாவது அவை விட்டுச்சென்ற காலி இடங்கள். அணுக்களோ 5×10²². வெப்பம் 25இலிருந்து 70 டிகிரிக்கு ஏறினால் அந்த 10¹⁰ ஏறக்குறைய 20 மடங்காகிறது. சந்தியின் கசிவு இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கசிவு 400 மடங்கைத் தாண்டுகிறது. விளைவாக ஒவ்வொரு செல்லும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கிறது. 36 செல், 45 டிகிரி ஏற்றம்: 36 × 45 × 2 மில்லிவோல்ட் = 3.2 வோல்ட். 18இல் 3.2 போனால் 14.8. நீங்கள் அளந்தது சரியாகத்தான் இருக்கிறது, பேனலில் பழுது இல்லை.

ரங்கூன் இன்வெர்ட்டர்:
வாத்தியார் சொன்ன 14.8இலிருந்து கம்பியும் எடுத்துக்கொள்ளும். கூரையிலிருந்து பாட்டரிக்கு 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அது 0.14 ஓம். 5.5 ஆம்பியருக்கு 0.76 வோல்ட் விழும், கம்பி 60 டிகிரி சூட்டில் இருந்தால் 0.88. மிச்சம் 14 வோல்ட்கூட இல்லை. ஈய அமில பாட்டரி முழுதாக நிறைய 14.4 வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.4க்குள் நிற்கும். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்று ஓட விடுங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் 60 அல்லது 72 செல் பேனலும், உச்சத்திறன் தேடும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும்தான் வழி.

மலைநாட்டில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான ஆபத்து இருக்கிறது. 100 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலரில் (பாட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கருவி) 49.5 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராகக் கட்டுகிறார்கள். 99தானே என்று கணக்கு. அந்த 99, 25 டிகிரிக்கு உரியது. தௌஞ்ஜியில் குளிர்காலக் காலை 5 டிகிரிக்கு இறங்கினால் டிகிரிக்கு 0.27 சதவீதம் வீதம் ஏறி 104 வோல்ட் ஆகும். சூரியன் பட்ட முதல் சில நிமிடங்களில், பேனல் சூடாவதற்கு முன்பே, கன்ட்ரோலர் போய்விடும். பகலில் போய் அளந்தால் 95தான் காட்டும், காரணமே தெரியாது. தொடர் கட்டும்போது அந்த ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தௌஞ்ஜி மாணவி:
வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். கடத்தியில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் உண்டு, காப்பானில் எலெக்ட்ரான்கள் அணுவோடு இறுகக் கட்டுண்டிருக்கின்றன என்று படித்தோம். அது போதாதா? பட்டை எதற்கு? சோடியத்தின் வெளிக்கூட்டில், 3எஸ் மட்டத்தில் ஓர் எலெக்ட்ரான், பாதி நிரம்பியது, கடத்துகிறது, சரி. மக்னீசியத்தின் 3எஸ் முழுதாக நிரம்பியிருக்கிறது. அதுவும் நன்றாகக் கடத்துகிறதே?

பெகு வாத்தியார்:
கேள்வி அருமை அம்மா. இதற்கு நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

'இறுகக் கட்டுண்டது' என்ற விளக்கம் அங்கேதான் தோற்கிறது. வைரத்தின் பிணைப்பு எலெக்ட்ரான்கள் ஒரே அணுவோடு ஒட்டிக்கொண்டு நிற்பவை அல்ல. இயற்பியலாளர் ஃபீலிக்ஸ் பிளாக் 1928இல் காட்டியது இதுதான்: ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் எலெக்ட்ரானின் அலை எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லை, படிகம் முழுதும் பரவியிருக்கிறது. அந்த அளவில் வைரத்துக்கும் செம்புக்கும் வித்தியாசமே கிடையாது. அப்படியானால் எல்லாப் பொருளும் கடத்த வேண்டுமே என்ற சிக்கல் எழுந்தது. 1931இல் ஆலன் வில்சன் அதைத் தீர்த்தார். எலெக்ட்ரான் நகரக்கூடியதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது மாறிப் போக அருகில் காலி நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படிகத்தில் அணுக்கள் நெருங்கும்போது ஒவ்வோர் அணு மட்டமும் அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிகிறது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் 8.5×10²² அணுக்கள். பிரிந்த மட்டங்கள் சில எலெக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குள் அடைகின்றன. இரண்டு மட்டங்களுக்கு இடையே 10⁻²² எலெக்ட்ரான்வோல்ட் அளவில்தான் தூரம். அதனால்தான் அதைப் பட்டை என்கிறோம்.

நிரம்பிய பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போகும் ஒவ்வொரு நிலைக்கும் அதே வேகத்தில் இடப்பக்கம் போகும் நிலை ஒன்று உண்டு. இரண்டிலும் எலெக்ட்ரான் இருக்கிறது. கூட்டினால் மின்னோட்டம் பூஜ்யம். மின்புலம் கொடுத்தால் சில எலெக்ட்ரான்கள் இடப்பக்கம் போகும் நிலையிலிருந்து வலப்பக்கம் போகும் நிலைக்கு மாற வேண்டும். மாறிப் போக நிலை காலியில்லை. பாலிக் கொள்கை ஒரு நிலையில் இரண்டாவது எலெக்ட்ரானுக்கு இடம் தராது. ஆகவே எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தும் மின்னோட்டம் இல்லை.

மின்புலம் எவ்வளவு ஆற்றல் தருகிறது என்றும் கணக்கிடலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் உள்ளே மின்புலம் மீட்டருக்கு 0.017 வோல்ட். எலெக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே போகும் தூரம் சுமார் 39 நானோமீட்டர். அதற்குள் அது பெறும் ஆற்றல் 10⁻⁹ எலெக்ட்ரான்வோல்ட்கூட இல்லை. செம்பின் பட்டை பாதிதான் நிரம்பியது, அடுத்த காலி நிலை 10⁻²² தூரத்தில் இருப்பதால் இந்தச் சொற்ப ஆற்றலே போதும். வைரத்தில் அடுத்த காலி நிலை 5.47 எலெக்ட்ரான்வோல்ட் மேலே. வீட்டு மின்சாரத்தின் மின்புலத்தால் அங்கே ஏற்ற முடியாது.

இதே கம்பியில் எலெக்ட்ரான்களின் சராசரி நகர்வு வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஃபெர்மி மட்டத்தில், அதாவது நிரம்பிய நிலைகளின் மேல்விளிம்பில், உள்ளவை நொடிக்கு 1,570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்னோட்டம் என்பது அந்தப் பெரிய ஓட்டத்தில் ஏற்படும் மிகச் சிறிய சாய்வு மட்டுமே.

இப்போது மக்னீசியம். தனி அணுவில் 3எஸ் நிரம்பியதுதான். திண்மத்தில் 3எஸ் பட்டையின் மேல்பகுதியும் அதற்கு அடுத்த 3பி பட்டையின் கீழ்ப்பகுதியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி 3பிக்குள் வழிந்துவிடுகிறது. இரண்டு பட்டையும் அரைகுறையாக நிரம்பியிருக்கும். அதனால் உலோகம். அணுவின் கணக்கை வைத்துத் திண்மத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மோல்மேன் ரேடியோ:
வாத்தியார் அண்ணே, ஒரு சேர்க்கை. குறைகடத்தி, காப்பான் என்று எல்லைக்கோடு போட்டுப் புத்தகத்தில் '3 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் காப்பான்' என்று எழுதுகிறார்கள். நீல எல்.இ.டி. செய்யும் காலியம் நைட்ரைடின் இடைவெளி 3.4. அது குறைகடத்தியாகத்தான் வேலை செய்கிறது. கோடு இடைவெளியின் எண்ணில் இல்லை, பொருளில் மாசூட்ட (வேறு அணுவைச் சிறிதளவு கலந்து கடத்த வைக்க) முடிகிறதா என்பதில் இருக்கிறது.

துளையைப் பற்றியும் சொல்லுங்கள். 'துளை என்பது எலெக்ட்ரான் இல்லாத இடம், கணக்குக்கு வசதியாக வைத்த பெயர்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். துத்தநாகத் தகட்டில் ஹால் விளைவை, அதாவது ஓட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் வைத்தால் பக்கவாட்டில் எழும் வோல்டேஜை, அளந்தால் குறி நேர்மறையாக வருகிறது. எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவு அது. கட்டற்ற எலெக்ட்ரான் மட்டும்தான் உண்டு என்பவரிடம் இதற்குப் பதில் கிடையாது. பட்டையின் உச்சிக்கு அருகே எலெக்ட்ரான் எதிர்மறை நிறை கொண்டதுபோல நடந்துகொள்கிறது. ஏறத்தாழ நிரம்பிய பட்டையை நேர்மின் துகள் ஓடுவதாகக் கணக்கிட்டால்தான் அளவு பொருந்துகிறது.

கல் பார்ப்பவர்:
அடுத்த கேள்வி என் பக்கத்திலிருந்து. மோகோக் சிவப்புக்கல் அலுமினா, அதில் குரோமியம் மாசு. சிலிக்கானில் பாஸ்பரஸ் மாசு கலந்தால் கடத்துகிறது. சிவப்புக்கல் ஏன் கடத்துவதில்லை? நிறம் மட்டும் வருகிறதே?

பெகு வாத்தியார்:
இரண்டு மாசும் செய்யும் வேலை வேறு.

பாஸ்பரஸுக்கு வெளிக்கூட்டில் ஐந்து எலெக்ட்ரான். சிலிக்கான் பிணைப்புக்கு நான்கு போதும். ஐந்தாவது எலெக்ட்ரானின் மட்டம் கடத்தல் பட்டைக்கு 0.045 எலெக்ட்ரான்வோல்ட் மட்டுமே கீழே. அறை வெப்பமே அதை மேலே தள்ளிவிடும். கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ பாஸ்பரஸ் அணு, அதாவது 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒன்று. அவ்வளவுக்கே தூய சிலிக்கானின் 2 லட்சம் ஓம்-சென்டிமீட்டர் தன்தடை அரை ஓம்-சென்டிமீட்டருக்கு விழுகிறது.

அலுமினாவின் இடைவெளி 9 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகில். குரோமியம் அலுமினியத்தின் இடத்தில் அதே மும்மை மின்சுமையோடு உட்காருகிறது. மிச்ச எலெக்ட்ரான் எதையும் தருவதில்லை. அதன் மட்டங்கள் இடைவெளியின் நடுவில், இரண்டு பட்டைகளுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பச்சை, ஊதா ஒளியை உண்டு குரோமியத்தின் எலெக்ட்ரான் அந்த அயனிக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. இறங்கும்போது 694 நானோமீட்டர் சிவப்பு வருகிறது. படிகத்துக்குள் யாரும் நடமாடுவதில்லை.

கல் பார்ப்பவர்:
நன்றி ஐயா. அப்படியானால் நீல வைரம் ஏன் மின்சாரம் கடத்துகிறது என்பதும் விளங்குகிறது. போரான் கலந்தது, அதன் ஏற்பான் மட்டம் (எலெக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும் காலி மட்டம்) இணைதிறன் பட்டைக்கு 0.37 எலெக்ட்ரான்வோல்ட் மேலே. வெப்பத்தால் எளிதில் எட்ட முடியாவிட்டாலும் ஒரு சிறு பங்கு எட்டிவிடும். நீலக்கல்லின் நீலம் இரும்பு-டைட்டானியம் இணைக்குள் எலெக்ட்ரான் தாவுவதால் வருவது, அது கடத்தாது. கதிர்வீச்சால் நீலமாக்கிய வைரமும் கடத்தாது.

கையில் கல் இருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். 1240ஐ இடைவெளியால் வகுத்தால் நானோமீட்டரில் எல்லை அலைநீளம் கிடைக்கும். அதைவிடக் குறுகிய ஒளியைப் பொருள் விழுங்கும். வைரம் 227, எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுதும் ஊடுருவும். சிலிக்கான் 1107, எனவே ஒளி புகாத சாம்பல் நிறம். நாம்து பக்கத்து பாட்வின் சுரங்கத்தின் ஈயக்கல், அதாவது ஈய சல்பைடு, 0.4 எலெக்ட்ரான்வோல்ட். எல்லா நிறத்தையும் விழுங்கி உலோகம்போல மினுங்குகிறது.

மோல்மேன் ரேடியோ:
அந்த ஈயக்கல்லைத்தான் ஜகதீச சந்திர போஸ் ரேடியோ அலை உணர்வியாகப் பயன்படுத்தினார். 1904இல் அமெரிக்கக் காப்புரிமை. டையோடு கடைக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னால். கல்லில் ஊசியைத் தொட வைத்து அந்த உணர்வியைச் செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கல்லை நேரடியாக ஈயப்பற்று வைத்து ஒட்டாதீர்கள். சூட்டில் கந்தகம் வெளியேறினால் உணர்வுள்ள புள்ளி செத்துவிடும். 70 டிகிரியில் உருகும் கலவையில் பதியுங்கள், அல்லது திருகால் பிடியுங்கள். கந்தகம் மிஞ்சிய இடம் பி-வகை (துளைகள் கடத்தும்), ஈயம் மிஞ்சிய இடம் என்-வகை (எலெக்ட்ரான்கள் கடத்தும்). ஒரே கல்லில் இடத்துக்கு இடம் மாறும். ஊசியை மெல்லத் தொட்டுத் தொட்டுப் புள்ளி தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ரங்கூன் இன்வெர்ட்டர்:
மண்டலே தம்பியின் முதல் கேள்வியில் ஒரு பகுதிக்கு இன்னும் பதில் வரவில்லை. 'குறைகடத்தி சூடானால் தடை குறையும்' என்பது தூய குறைகடத்திக்குத்தான். நாம் கையில் பிடிக்கும் சிலிக்கான் எல்லாம் மாசூட்டியது. அறை வெப்பத்திலேயே மாசு அணுக்கள் எல்லாம் எலெக்ட்ரானைக் கொடுத்து முடித்துவிட்டன. இன்னும் சூடாக்கினால் எண்ணிக்கை கூடாது, அணுக்களின் அதிர்வு கூடி நகர்திறன் குறையும். ஆகவே தடை ஏறும். செம்பில் நடப்பதும் அதே காரணம்தான், டிகிரிக்கு 0.39 சதவீதம். சிலிக்கான் தானே உண்டாக்கும் எலெக்ட்ரான்கள் கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ என்ற மாசு அளவை எட்ட 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே உறை வெந்துவிடும்.

இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவருக்கு இது நேரடியாக உதவும். இன்வெர்ட்டரில் சுவிட்சாக வேலை செய்யும் ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட்டின் தடை 25 டிகிரியில் 8 மில்லிஓம், 100 டிகிரியில் அதன் ஒன்றரை மடங்கை நெருங்கும். நான்கை இணையாகக் கட்டினால் சூடானது தானே தடை கூட்டி மின்னோட்டத்தை மற்றவற்றுக்குத் தள்ளிவிடும். பழைய வகை (பேஸ், எமிட்டர், கலெக்டர் உள்ள) டிரான்சிஸ்டரை அப்படிக் கட்டினால் கதை முடிந்தது. அங்கே ஓட்டத்தை முடிவு செய்வது சந்தி வோல்டேஜ், அது டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். சூடானது மேலும் இழுக்கும், மேலும் சூடாகும், ஒன்று போனதும் மற்றதும் போகும். ஒவ்வோர் எமிட்டரிலும் 0.1 அல்லது 0.22 ஓம் தனித்தனியாகப் போட வேண்டும்.

தௌஞ்ஜி மாணவி:
அண்ணன்மார்களே, இந்த 1.12ஐ வீட்டிலேயே அளக்க முடியுமா?

மோல்மேன் ரேடியோ:
முடியும் தங்கச்சி. 1.12 வராது, வருவது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

பிசி547 டிரான்சிஸ்டரில் பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக் கட்டு. 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலிருந்து 82 கிலோஓம் வழியாக அங்கே கொடு. எமிட்டர் எதிர்முனைக்கு. சுமார் 100 மைக்ரோஆம்பியர் ஓடும். பேஸ்-எமிட்டர் வோல்டேஜை மல்டிமீட்டரின் 2 வோல்ட் அளவில், மில்லிவோல்ட் வரை படி.

டிரான்சிஸ்டரை நேரே தண்ணீரில் போடாதே. கால்களுக்கு இடையே நீர் கசிந்து எண் ஆடும். சிறு சோதனைக் குழாயில் சமையல் எண்ணெய் ஊற்றி அதில் முக்கு. குழாயை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் 5 நிமிடம் வை. 0.65 வோல்ட்டுக்கு அருகில் வரும். பிறகு கொதிநீரில் வை. 100 டிகிரியில் 0.43 அளவில் வரும். இரண்டு புள்ளியையும் வரைபடத்தில் குறித்து, கோட்டை நீட்டி −273 டிகிரியில் எங்கே வெட்டுகிறது என்று பார்.

உன் ஊரில் தண்ணீர் 100இல் கொதிக்காது. தௌஞ்ஜி 1400 மீட்டர் உயரம், 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை 100 என்று எழுதினால் விடை 30 மில்லிவோல்ட் குறையும். பாட்டரி நடுவில் 9இலிருந்து 8க்கு இறங்கினால் 3 மில்லிவோல்ட் பிழை, கோட்டை நீட்டும்போது அது 9 ஆகும். இரண்டு அளவிலும் பாட்டரியைச் சரிபார்.

விடை 1.25க்கும் 1.28க்கும் நடுவே வரும். 1.12 என்பது அறை வெப்பத்தில் உள்ள இடைவெளி. குளிரக் குளிர அது விரிந்து, பூஜ்ய கெல்வினில் (−273 டிகிரியில்) 1.17 ஆகிறது. கசிவில் வெப்பநிலையின் மும்மடிப் பெருக்கமும் இருப்பதால் நேர்கோடு இன்னும் 0.1 வோல்ட் மேலே போய் வெட்டுகிறது. வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 சில்லின் 1.25 வோல்ட் உள்ளேயே இருக்கும் இந்த எண்தான். இறங்கும் சந்தி வோல்டேஜோடு ஏறும் வோல்டேஜ் ஒன்றைக் கூட்டி வெப்பத்தை ரத்து செய்கிறார்கள், மிஞ்சுவது இடைவெளி.

மண்டலே மின்வேலை:
பாட்டரி வெப்பம் பார்க்கப் போடும் 10 கிலோஓம் தெர்மிஸ்டரும் (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் உறுப்பு) இதே கணக்கா? அது சூடானால் தடை நன்றாகவே இறங்குகிறதே.

பெகு வாத்தியார்:
இறங்குகிறது, ஆனால் காரணம் வேறு. இங்கேதான் பட்டைக் கொள்கையின் எல்லையும் இருக்கிறது.

நிக்கல் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கலின் 3டி பட்டை முழுதாக நிரம்பாதது, எளிய பட்டைக் கணக்குப்படி அது உலோகமாக இருக்க வேண்டும். இருப்பதோ காப்பான். டி போயரும் வெர்வேயும் 1937இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். நெவில் மாட் விளக்கம் தந்தார்: ஒரே அணுவில் இரண்டு எலெக்ட்ரான் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் பட்டையின் அகலத்தைவிடப் பெரியது. அதனால் ஒவ்வொன்றும் தன் அணுவிலேயே நின்றுவிடுகிறது. பிளாக்கின் கணக்கு எலெக்ட்ரான்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது, இந்தத் தள்ளலை அது பார்ப்பதில்லை.

தெர்மிஸ்டர் மாங்கனீசு-நிக்கல் ஆக்சைடுகளால் ஆனது. அங்கே மின்சுமை ஓர் அயனியிலிருந்து அடுத்ததற்குத் தாவித்தான் போகிறது, தாவ வெப்பம் வேண்டும். 3950 என்று குறித்திருக்கும் பி-மதிப்பு அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றலின் அளவு, பட்டை இடைவெளி அல்ல. 25 டிகிரியில் 10 கிலோஓம் இருந்தால் 50 டிகிரியில் 3.6 கிலோஓம் வர வேண்டும். வேறு பி-மதிப்பு உள்ளதை மாற்றிப் போட்டால் 25 டிகிரியில் சரியாகக் காட்டி, பாட்டரி சூடாகும்போது பிழையாகக் காட்டும். அதனால் 25, 50 இரண்டிலும் அளந்து பார்த்த பிறகே கன்ட்ரோலரில் இணையுங்கள்.